டம்பர் கூடக் கூட டன் கூடவில்லையே, கணக்கில் எங்கே தப்பு?

பெஞ்ச்12

எல்லோருக்கும் வணக்கம். சுரங்கத் திட்டப் பிரிவில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. திறந்தவெளிச் சுரங்கம், தோண்டி லோடு ஏற்றும் ஷவல் இரண்டு, வண்டி எல்லாமே 180 டன் சுமக்கும் டம்பர். ஒரு ஷவல் தாதுவில் நிற்கிறது, அதன் லோடு கல் உடைக்கும் கிரஷருக்குப் போகும். இன்னொன்று கழிவுமண்ணில், லோடு டம்ப் யார்டுக்குப் போகும்.

நான் போட்ட கணக்கு இது. தாது ஷவலில் ஒரு டம்பரை நிறுத்தி நிரப்ப 3 நிமிடம். லோடுடன் கிரஷர் வரை 11, திருப்பிக் கொட்ட 1.5, காலியாகத் திரும்பி வர 8.5. ஒரு முழுச் சுற்றுக்கு, அதாவது ஒரு சைக்கிளுக்கு, மொத்தம் 24 நிமிடம். 24-ஐ 3-ஆல் வகுத்தால் 8 டம்பர். கழிவு ஷவலுக்கு சைக்கிள் 27 நிமிடம், அதனால் 9. ஆக எந்நேரமும் 17 வண்டி ஓட வேண்டும். வண்டி ஓடும் நிலையில் இருக்கும் நேரம் (அவைலபிலிட்டி) 85 சதவீதம் என்பதால் 17-ஐ 0.85-ஆல் வகுத்து 20 வண்டி கேட்டோம், கிடைத்தது.

இந்தக் கணக்குப்படி ஒரு ஷவல் மணிக்கு 20 லோடு, அதாவது 3600 டன் தர வேண்டும். ஒரு ஷிஃப்ட்கூட அதைத் தொட்டதில்லை. 16, 17 லோடிலேயே நிற்கிறது. போன காலாண்டில் 2 டம்பர் சேர்த்து 22 ஆக்கினோம். வண்டி 10 சதவீதம் கூடியது, டன் 4 சதவீதம்தான் கூடியது. இப்போது "இன்னும் 2 வேண்டுமா, சொல்" என்று கேட்கிறார்கள். வேண்டும் என்று சொல்லவும் பயமாக இருக்கிறது, வேண்டாம் என்று சொல்லக் காரணமும் கையில் இல்லை. பாதையை மாற்றிப் போட்டால் பலன் கிடைக்குமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஷவல்நிழல்

தம்பி, அந்த 3, 11, 1.5, 8.5 எல்லாம் எங்கேருந்து எடுத்தீங்க? கம்பெனி புத்தகத்துல இருக்கிற இழுவிசை வரைபடத்துலேருந்தா, இல்ல ரோட்டுல நின்னு கடிகாரம் பார்த்தா?

பெஞ்ச்12

இரண்டும்தான் சார். ஓட்ட நேரம் மென்பொருள் தந்தது. லோடிங் நேரத்தை ஒரு நாள் காலையில் ஷவல் பக்கத்தில் நின்று 10 வண்டிக்கு எடுத்தேன்.

ஷவல்நிழல்

அப்ப காலை ஷிஃப்ட், காய்ஞ்ச ரோடு, வெடிச்சுப் புதுசா உடைஞ்ச பாறை. நல்ல நேரத்துல எடுத்த 10 வண்டி. அதே ஷவல் பெஞ்ச் (குழியோட படி) ஓரத்துல நின்னு, கீழே பாறை சரியா உடையாம, டோசர் வந்து தரையைத் தட்டிக் கொடுக்கிறப்ப 3 நிமிஷம் 6 நிமிஷமா ஆகும். அந்த 6 நிமிஷம் உங்க கணக்குல இல்ல. சராசரியில 3.2-ன்னு வந்தாலும் அந்த 6 பின்னாடி வர்ற 2 வண்டியையும் சேர்த்து நிறுத்திடும். குறைஞ்சது மூணு ஷிஃப்ட், ராத்திரி ஒண்ணு, மழை பெஞ்ச நாள் ஒண்ணு எடுங்க. அதுக்கப்புறம் பேசலாம்.

வரிசைக்கணக்கு

மேலே சொன்னதுதான் ஆணிவேர். வகுத்தல் சரி. ஆனால் ஒவ்வொரு டம்பரும் 3 நிமிட இடைவெளியில் கடிகாரம்போல வந்து நிற்கும் என்று அந்த வகுத்தல் எடுத்துக்கொள்கிறது. நீங்கள் போட்டிருப்பது மேட்ச் ஃபேக்டர் 1. வண்டி எண்ணிக்கையை லோடிங் நேரத்தால் பெருக்கி, சைக்கிள் நேரத்தால் வகுத்தால் 8 × 3 ÷ 24 = 1. 1968-ல் மார்கனும் பீட்டர்சனும் இந்த எண்ணைச் சுரங்கத் துறைக்குக் கொண்டுவந்தார்கள். ஷவலும் வண்டியும் ஒன்றுக்கொன்று ஈடாக இருக்கின்றனவா என்று பார்க்க நல்ல அளவுகோல். எத்தனை டன் வரும் என்று அதைக் கேட்கக் கூடாது.

வண்டிகள் சில நேரம் கூட்டமாக வரும், சில நேரம் ஒன்றுமே வராது. ஷவல் சும்மா நின்ற 2 நிமிடத்தை, பிறகு வரிசை நீளும்போது திருப்பிச் சம்பாதிக்க முடியாது. போனது போனதுதான். இதற்கு வரிசைக் கோட்பாட்டில் எண்ணிக்கை வரம்புள்ள மாதிரி ஒன்று உண்டு. ஒரு வேலையாள் (இங்கே ஷவல்), சுற்றிச் சுற்றி வரும் குறிப்பிட்ட எண்ணிக்கை வாடிக்கையாளர்கள் (இங்கே டம்பர்கள்). கோனிக்ஸ்பெர்க் 1958-லேயே சுழல் வரிசை என்று இதைச் சுரங்க வேலைக்குப் பொருத்திக் காட்டினார்.

உங்கள் தாது ஷவலை அதில் போட்டுப் பார்த்தேன். லோடிங் சராசரி 3 நிமிடம், மற்ற நேரம் 21 நிமிடம், இரண்டுமே நன்றாக ஏறி இறங்கும் என்று வைத்தால் மணிக்கு வரும் லோடு:

6 டம்பர்: 13.4
7 டம்பர்: 15.0
8 டம்பர்: 16.4
9 டம்பர்: 17.6
10 டம்பர்: 18.4

8 வண்டிக்கு நீங்கள் எதிர்பார்த்தது 20, மாதிரி சொல்வது 16.4, களத்தில் நீங்கள் பார்ப்பது 16, 17. சைக்கிள் 24 நிமிடம் இல்லை, 29-க்கும் மேலே. அந்த 5 நிமிடமும் காத்திருப்பு.

இப்போது ஒவ்வொரு கூடுதல் வண்டியும் என்ன தருகிறது என்று பாருங்கள். எங்குமே நிற்காத ஒரு டம்பர் மணிக்கு 2.5 ட்ரிப் அடிக்கும். ஒன்பதாவது டம்பர் தருவது 1.1. பத்தாவது 0.9-ஐக்கூடத் தொடாது. 450 டன் திறனுள்ள வண்டியை வாங்கி 160 டன்னுக்கும் குறைவாக எடுக்கிறோம். உங்கள் 10 சதவீதமும் 4 சதவீதமும் இங்கே இருக்கின்றன.

ஷவல்நிழல்

கணக்கு நல்லா இருக்கு. ஆனா ஒண்ணு சொல்லணும். நிஜ லோடிங் நேரம் இவ்வளவு மோசமா ஏறி இறங்காது. 2.5-லேருந்து 4-க்குள்ளதான் பெரும்பாலும். அதனால உங்க மாதிரி லோடைக் கொஞ்சம் குறைச்சே சொல்லுது.

வரிசைக்கணக்கு

உண்மை. நான் எடுத்த பரவல் மிக அகலமானது. களத்தில் விடை 16.4-க்கும் 20-க்கும் நடுவில் எங்கோ விழ வேண்டும். அது 16.4 பக்கமே ஒட்டி நிற்கிறது என்றால், ஷவலைத் தவிர வேறு எங்கோ இன்னொரு வரிசை இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பெஞ்ச்12, கிரஷரில் ஒரே நேரத்தில் எத்தனை வண்டி கொட்டலாம்?

பெஞ்ச்12

ஒன்றுதான். கிரஷர் வாயில் லோடை வாங்கும் ஹாப்பர் நிறைந்திருந்தால் சிவப்பு விளக்கு எரியும், வண்டி வெளியே நிற்கும்.

வரிசைக்கணக்கு

அங்கே எவ்வளவு நேரம் நிற்கிறது?

பெஞ்ச்12

அளந்ததில்லை. கொட்டும் நேரம் 1.5 என்று மட்டும் போட்டேன்.

இரவுஷிஃப்ட்

எந்த வண்டி எங்கே போக வேண்டும் என்று சொல்லும் டிஸ்பேட்ச் அறையில் ஒன்பது வருடம் உட்கார்ந்திருக்கிறேன். இதை ரொம்ப நாளாகச் சொல்ல வேண்டும் என்று இருந்தது.

வண்டிகள் தானாகக் கொத்துக் கொத்தாகச் சேரும். யாரும் செய்வதில்லை, பாதையே சேர்த்துவிடும். குழியிலிருந்து மேலே ஏறும் சாய்வுப் பாதையான ரேம்பில் முந்தக் கூடாது என்பது விதி. எஞ்சின் களைத்த ஒரு டம்பர் 8 கிலோமீட்டர் வேகத்தில் ஏறினால் பின்னால் வரும் நான்கும் அதே வேகம்தான். மேலே போய் கிரஷரில் ஐந்தும் ஒன்றாக நிற்கும். அங்கிருந்து ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி ஷவலில் மறுபடி ஐந்தும் ஒன்றாக நிற்கும். அந்த நேரம் கிரஷர் பட்டினி. ஒரு ஷிஃப்டுக்குள் ஷவல் முன்னால் வரிசை, ஷவல் சும்மா நிற்பது, கிரஷர் முன்னால் வரிசை, கிரஷர் காலி என்று நான்கும் மாறி மாறி வரும். மாதக் கடைசியில் சராசரி பார்ப்பவருக்கு இதில் எதுவுமே தெரியாது.

ஷிஃப்ட் மாறும்போது எல்லா வண்டியும் ஒரே இடத்திலிருந்து ஒரே நேரத்தில் கிளம்பும். சாப்பாட்டு இடைவேளை முடிந்ததும் அதேதான். வெடி வைத்துப் பாதை திறந்ததும் அதேதான். கொத்து கலைய ஒரு மணி நேரம் ஆகும். கலைந்து முடிவதற்குள் அடுத்த நிறுத்தம் வந்துவிடும். சாப்பாட்டு நேரத்தை வண்டிவாரியாகத் தள்ளிப் போட்டதும், டீசல் போடுவதை வரிசை நீளமாக இருக்கும் நேரத்துக்கு மாற்றியதும் எனக்குத் தந்த லோடு, புது டம்பர் தந்ததைவிட அதிகம்.

இன்னொன்று. உங்கள் 8 வண்டி தாதுவுக்கு, 9 வண்டி கழிவுக்கு என்று பூட்டி வைத்திருக்கிறீர்களா?

பெஞ்ச்12

ஆமாம், ஷிஃப்ட் தொடக்கத்தில் பலகையில் எழுதிவிடுவோம்.

இரவுஷிஃப்ட்

அந்தப் பூட்டைத் திறந்தாலே காத்திருப்பு குறையும். ஒரு ஷவல் டோசருக்காக நிற்கும்போது அதன் 8 வண்டியும் அங்கேயே நிற்கின்றன, 400 மீட்டர் தள்ளி இன்னொரு ஷவல் வண்டிக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கொட்டி முடித்த வண்டி எங்கே போக வேண்டும் என்பதை அந்த நேரத்து நிலைமையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். 1980-களில் வந்த கணினி டிஸ்பேட்ச் முறைகளின் அடிப்படையே இதுதான். ஒயிட்டும் ஓல்சனும் 1986-ல் எழுதிய முறையில் இரண்டு அடுக்கு உண்டு. மேலடுக்கு, எந்தப் பாதையில் மணிக்கு எத்தனை டன் ஓட வேண்டும் என்று நேரியல் திட்டமிடலால் தீர்மானிக்கும். கீழடுக்கு, இந்த நிமிடம் காலியான இந்த வண்டியை எங்கே அனுப்பினால் அந்த ஓட்டத்துக்கு மிக நெருங்கி வரலாம் என்று பார்க்கும். மென்பொருள் வாங்காமலேயே, வண்டிகள் பிரியும் சந்தியில் வாக்கி டாக்கியோடு ஒரு நல்ல ஆளை உட்கார வைத்தால் பாதிப் பலன் கிடைக்கும். நான் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

ஷவல்நிழல்

ஆனா ஷவல் நிக்கக் கூடாதுங்கிறது என்னோட பிடிவாதம். ஷவல்தான் விலை ஜாஸ்தி. வரிசையில ரெண்டு வண்டி நிக்கட்டும், பரவாயில்ல.

வரிசைக்கணக்கு

அதையும் எண்ணிலேயே பார்த்துவிடலாம் அண்ணே. ஒரு டம்பரை ஒரு மணி நேரம் ஓட்டும் செலவை ஒரு டம்பர் மணி என்போம். ஷவலின் ஒரு மணி நேரச் செலவு 4 டம்பர் மணிக்குச் சமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 6 வண்டியோடு ஒரு லோடுக்கு ஆகும் செலவு 0.75 டம்பர் மணி. 7, 8 இரண்டிலும் 0.73. 9-ல் 0.74. 10-ல் 0.76. ஷவல் செலவை 6 டம்பர் மணியாக உயர்த்தினால் மிகக் குறைந்த இடம் 8-க்கு நகர்கிறது, 9 அதை ஒட்டியே வருகிறது.

இந்தச் செலவை வண்டி எண்ணிக்கைவாரியாகக் கோடாக வரைந்தால், எனக்கு முக்கியமாகப் படுவது அந்தக் கோட்டின் அடிப்பகுதி தட்டையாக இருப்பது. 7-ஆ 8-ஆ 9-ஆ என்று சண்டை போடுவதில் டன்னுக்கு ஓரிரு சதவீதம்தான் வித்தியாசம். லோடிங் நேரத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைத்தால் கோடு முழுவதுமே கீழே இறங்கும்.

ஒரே விதிவிலக்கு, தாது போதாமல் ஆலை பட்டினி கிடந்தால். அப்போது இழந்த டன்னின் மதிப்பு டம்பர் செலவைத் தூக்கி விழுங்கிவிடும். அந்த நிலையில் அண்ணன் சொல்வது சரி. தாது ஷவலுக்கு முன்னுரிமை, தட்டுப்பாடு வந்தால் அதைக் கழிவு ஷவல் சுமக்கட்டும்.

மண்பாதை

இவ்வளவு நேரம் எல்லோரும் வண்டியையும் ஷவலையும் பேசிவிட்டீர்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ரோட்டை யாரும் கேட்கவில்லை. நான் டம்பர் ஓடும் பாதையான ஹால் ரோட்டைப் பார்ப்பவள், அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

பெஞ்ச்12, உங்கள் ரேம்ப் எவ்வளவு நீளம், என்ன கிரேடு (சாய்வு)?

பெஞ்ச்12

1.2 கிலோமீட்டர், 10 சதவீதம். 120 மீட்டர் ஏற்றம். போய்வர மொத்தம் 6.8 கிலோமீட்டர்.

மண்பாதை

நன்றி. 180 டன் டம்பர் லோடுடன் சுமார் 320 டன் எடை. சக்கரத்துக்கு 1120 கிலோவாட் வருகிறது என்று எடுத்துக்கொள்கிறேன். ரேம்பில் வண்டியின் வேகத்தை முடிவு செய்வது ஓட்டுநர் இல்லை, இந்த இரண்டு எண்ணும் எதிர்த்து நிற்கும் தடையும்தான். தடை என்பது கிரேடும், டயர் உருளும்போது ரோடு கொடுக்கும் எதிர்ப்பான ரோலிங் ரெசிஸ்டன்ஸும் சேர்ந்தது. ரோலிங் ரெசிஸ்டன்ஸ் 1 சதவீதம் என்றால், வண்டியின் ஒவ்வொரு டன் எடைக்கும் 10 கிலோ விசை அதிகம் தேவை.

நன்றாகப் பராமரித்த கெட்டியான ரோட்டில் ரோலிங் ரெசிஸ்டன்ஸ் 2 சதவீதம். கிரேடோடு சேர்த்து 12. வேகம் மணிக்கு 10.7 கிலோமீட்டர், ஏற 6.7 நிமிடம். ரோட்டைச் சமப்படுத்தும் கிரேடர் நான்கு நாள் வராமல், கொட்டிய கல் கிடந்து, டயர் தடம் பள்ளமாகிவிட்டால் 4 சதவீதம் சாதாரணமாக வரும். தடை 14 ஆகிறது, வேகம் 9.2, ஏற 7.9 நிமிடம்.

ஒரு ட்ரிப்புக்கு 1.1 நிமிடம். சின்ன எண்ணாகத் தெரியும். 24 நிமிட சைக்கிளில் அது ஏறக்குறைய 5 சதவீதம். 17 வண்டிக்குப் பெருக்கிப் பாருங்கள், ஒரு டம்பரின் முக்கால் பங்கு வேலை ரேம்பிலேயே புதைந்து கிடக்கிறது. இன்னும் மட்ட ரோட்டைச் சேர்க்கவில்லை. அங்கே வேக வரம்பு இருப்பதால் நேரம் அதிகம் மாறாது, ஆனால் ரோலிங் ரெசிஸ்டன்ஸ் 2-லிருந்து 4 ஆனால் வண்டியை இழுக்கத் தேவையான விசை இரட்டிப்பு. அது டீசலில் தெரியும். 5, 6 சதவீதம் என்று போகும் ரோடுகளையும் பார்த்திருக்கிறேன். மழைக்குப் பிறகு ஷவல் அடியிலும் டம்ப் ஓரத்திலும் அதற்கு மேலேயே போகும்.

அடுத்தது கிரேடு. "ரேம்பைச் செங்குத்தாக்கினால் தூரம் குறையும், சைக்கிள் குறையும்" என்று ஒவ்வொரு திட்டக் கூட்டத்திலும் யாராவது சொல்வார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. எஞ்சின் திறன்தான் எல்லை என்றால், ஒரு குறிப்பிட்ட உயரம் ஏறும் நேரம், ஒன்றோடு ரோலிங் ரெசிஸ்டன்ஸைக் கிரேடால் வகுத்த ஈவைக் கூட்டினால் வரும் எண்ணைப் பொறுத்தது. உங்கள் 120 மீட்டருக்கு, ரோலிங் ரெசிஸ்டன்ஸ் 2 சதவீதத்தில், 8 சதவீதக் கிரேடில் 7.0 நிமிடம், 10-ல் 6.7, 12-ல் 6.5. நான்கு புள்ளி கிரேடு மாற்றி அரை நிமிடம்தான் கிடைக்கிறது. அந்த அரை நிமிடத்துக்கு பிரேக் சூடு, மழையில் சறுக்கல், இறங்கும் வண்டிக்குக் குறைந்த வேக வரம்பு எல்லாவற்றையும் விலையாகக் கொடுக்க வேண்டும். அதே ரேம்பில் ரோலிங் ரெசிஸ்டன்ஸை 4-லிருந்து 2-க்குக் கொண்டுவந்தால் 1.1 நிமிடம், எந்த ஆபத்தும் இல்லாமல். கிரேடைக் குறைத்தால் ரேம்ப் நீளும், குழியின் சுவர் வெளியே தள்ளும், கழிவுமண் கூடும், அது வேறு கணக்கு. 8-லிருந்து 10 வரை பெரும்பாலான குழிகள் நிற்பதற்குக் காரணம் இந்த இழுபறிதான்.

அகலத்தையும் பாருங்கள். இருவழி ரோடு வண்டி அகலத்தைப்போல மூன்றரை மடங்கு இருக்க வேண்டும் என்பது வழக்கம். உங்கள் டம்பர் 7.7 மீட்டர் அகலம் இருந்தால் ஓடுதளமே 27 மீட்டர், பாதுகாப்பு அணையும் வாய்க்காலும் தனி. ஓரம் சரிந்து 22 மீட்டராகிவிட்ட இடத்தில் எதிரெதிர் வண்டிகள் ஒன்றுக்கொன்று வேகம் குறைத்து வழிவிடும். லோடு வண்டி ரேம்பில் ஒருமுறை நின்றால் மறுபடி வேகம் பிடிக்கும் நேரத்தை எந்த மென்பொருளும் உங்களுக்குச் சொல்லாது. கொண்டை ஊசி வளைவு எத்தனை என்றும் எண்ணுங்கள். ஒவ்வொன்றும் இரு திசையிலும் நேரத்தைத் தின்னும், உள்பக்கத் தளம் முதலில் உடையும், லோடிலிருந்து கல் சிந்துவதும் அங்கேதான்.

டயர்ரூம்

மண்பாதை அக்கா சொன்ன அந்தச் சிந்திய கல்தான் என் தினசரிச் சண்டை. அதை விட்டுவிட்டு வேறு இரண்டு விஷயம்.

ஒன்று, காத்திருப்பு குறைந்தால் டயர் சூடு கூடும். யாரும் இதைத் திட்டத்தில் போடுவதில்லை. டயருக்கு மணிக்கு இத்தனை டன்-கிலோமீட்டர் என்று ஒரு சூட்டு வரம்பு உண்டு, சராசரிச் சுமையைச் சராசரி வேகத்தால் பெருக்கினால் வருவது. முன் டயரில் லோடோடு 53 டன், காலியில் சுமார் 33, சராசரி 43. இப்போது உங்கள் வண்டி 29 நிமிடத்தில் 6.8 கிலோமீட்டர் ஓடுகிறது, சராசரி வேகம் 14, பெருக்கினால் 602. வரிசையை ஒழித்து 24 நிமிடத்துக்குக் கொண்டுவந்தால் வேகம் 17, அது 731 ஆகிவிடும். பாதையை மேம்படுத்தும் முன்னால் டயர் வரம்பு எவ்வளவு என்று பாருங்கள். ஓவர்லோடையும் சேர்த்துப் பாருங்கள். 10/10/20 விதி எல்லோருக்கும் தெரிந்திருக்கும்: சராசரி லோடு இலக்கைத் தாண்டக் கூடாது, 10 சதவீத லோடுக்கு மேல் இலக்கின் 110 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, எதுவுமே 120-ஐத் தாண்டக் கூடாது.

இரண்டாவது, அந்த 17 ÷ 0.85 = 20. அது சராசரி. 20 வண்டி வைத்திருந்தால் ஏதாவது ஒரு நேரத்தில் 17-ஓ அதற்கு மேலோ ஓடும் நிலையில் இருக்க வாய்ப்பு 65 சதவீதம்தான். மூன்றில் ஒரு ஷிஃப்ட் குறைவோடுதான் ஓடும். 21 வைத்தால் 80 சதவீதம், 22 வைத்தால் 90. ஆகவே நீங்கள் வாங்கிய 2 வண்டி வீணாகவில்லை. டன்னைக் கூட்டும் என்று எதிர்பார்த்தீர்கள், அவை உங்களுக்கு நிலைத்தன்மையைக் கொடுத்திருக்கின்றன. ஆனால் இந்தக் கணக்கு ஒவ்வொரு வண்டியும் தனித்தனியாகப் பழுதாகும் என்று நம்புகிறது. நீங்கள் ஒரே வாரத்தில் நான்கு வண்டிக்கு சர்வீஸ் வைத்தால் கணக்கு உடைந்துவிடும். சர்வீஸ் அட்டவணையைத் திட்டப் பிரிவும் பணிமனையும் சேர்ந்து உட்கார்ந்து போடுங்கள்.

நெடுந்திட்டம்

இன்றைய 24 நிமிடத்தையே பிடித்துத் தொங்குகிறீர்கள். குழி ஆழமாகும்போது என்ன ஆகும்?

பெஞ்ச் உயரம் 15 மீட்டர் என்றால் ஒவ்வொரு பெஞ்ச் இறங்கும்போதும் 10 சதவீத ரேம்ப் 150 மீட்டர் நீளும். லோடோடு ஏற 0.8 நிமிடம், காலியாக 25 கிலோமீட்டர் வேகத்தில் இறங்க 0.4. ஒரு பெஞ்சுக்கு 1.2 நிமிடம். ஷவல் 3 நிமிடத்துக்கு ஒரு வண்டி நிரப்புகிறது, அதனால் ஒவ்வொரு பெஞ்சும் ஷவலுக்கு 0.4 டம்பர் கேட்கும். ஐந்து பெஞ்ச் இறங்கினால் இரண்டு டம்பர். இரண்டு ஷவலுக்கும் சேர்த்து நான்கு.

இதை வருடவாரியாக டம்பர் மணியாக எழுதிப் பாருங்கள். பெரும்பாலான குழிகளில் அந்தக் கோடு நடுவில் ஒரு மேடு கட்டும், கடைசியில் கழிவு தீர்ந்ததும் இறங்கும். மேட்டின் உச்சிக்கு வண்டி வாங்கினால் மற்ற வருடங்களில் நிற்கும். இளம் வருடங்களில் பக்கத்து டம்பை எல்லாம் நிரப்பிவிட்டு, குழி ஆழமானபின் கழிவை தூரத்து டம்புக்கு ஓட்டும் தவறை நான் ஒரு சுரங்கத்தில் நேரில் பார்த்தேன். ஏற்றமும் தூரமும் ஒரே வருடத்தில் வந்து சேர்ந்தன. பக்கத்து டம்பில் கொஞ்சம் இடத்தை ஆழமான வருடங்களுக்கு ஒதுக்கி வைத்திருந்தால் உச்சி நன்றாகவே தணிந்திருக்கும். அப்போது முதல் வருடங்களின் செலவு கூடும், பின்னால் வரும் செலவின் இன்றைய மதிப்பைக் குறைத்துப் போடும் தள்ளுபடி விகிதத்தைக் காட்டி யாராவது எதிர்ப்பார்கள். அவர்களிடம் அந்த மேட்டைப் படமாகக் காட்டுங்கள். தற்காலிக உச்சிக்கு வண்டி வாங்காமல் வாடகைக்கு எடுப்பதையும் யோசியுங்கள்.

மேடு தணியவே தணியாத அளவுக்குக் குழி ஆழமானால், கிரஷரைக் குழிக்குள் இறக்கி கன்வேயரில் ஏற்றுவது, ரேம்பில் மின்கம்பி போட்டு மின்சார டம்பரை அதில் ஓட்டுவது என்று வழிகள் உண்டு. நமீபியாவின் ரோசிங், தென்னாப்பிரிக்காவின் பலபோரா இரண்டும் மின்கம்பி ரேம்பை ஓட்டிக் காட்டியவை. இரண்டுக்கும் ரேம்ப் பல வருடம் இடம் மாறாமல் இருக்க வேண்டும். உங்கள் குழிக்கு இப்போதைக்குத் தேவைப்படாது.

பெஞ்ச்12

ஆளில்லா டம்பர் வந்தால் இந்த ஏற்ற இறக்கமெல்லாம் போய்விடும் என்று ஒருவர் சொன்னார். உண்மையா?

இரவுஷிஃப்ட்

கொஞ்சம் குறையும். சிலியின் கேப்ரியேலா மிஸ்ட்ரால் சுரங்கத்தில் 2008-லிருந்து ஆளில்லா வண்டிகள் ஓடுகின்றன. ஷிஃப்ட் மாற்றத்தில் கொத்துச் சேர்வதும், ஓட்டுநருக்கு ஓட்டுநர் வேகம் மாறுவதும் அங்கே இல்லை. ஆனால் டோசருக்காக ஷவல் நிற்பதும், ஹாப்பர் நிறைவதும், ரேம்பில் களைத்த வண்டிக்குப் பின்னால் மற்றவை மாட்டுவதும் அப்படியேதான். ரோடு கெட்டால் அவையும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

பெஞ்ச்12

மூன்று வாரம் கழித்து வருகிறேன். நீங்கள் சொன்னபடி நான்கு ஷிஃப்ட் அளந்தோம். இரண்டு பகல், இரண்டு இரவு, அதில் ஒன்று மழை நாள். மொத்தம் 400-க்கும் மேற்பட்ட ட்ரிப்.

வரிசைக்கணக்கு சார் சந்தேகப்பட்டது சரி. தாது வண்டிகளின் காத்திருப்பு சராசரி 5 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே. அதில் ஷவலில் 2.9, கிரஷரில் 2.3. கிரஷர் வரிசை என் கணக்கில் இல்லவே இல்லை. ஹாப்பர் நிறைந்து நிற்பது, பெரிய கல் மாட்டி உடைக்கும் சுத்தியலைக் கூப்பிடுவது, இரண்டும்தான் காரணம். பெரிய கல் வருவது வெடிப்பின் ஓரத்துத் துளை வரிசையிலிருந்து என்று வெடிப்புப் பிரிவே ஒப்புக்கொண்டது, அந்த வரிசையை நெருக்கித் துளையிட்டுப் பார்க்கிறார்கள்.

ரேம்பில் லோடு வண்டியின் வேகம் பகலில் 9.4, மழை ஷிஃப்டில் 8.1. அக்கா சொன்ன 4 சதவீதத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறோம். கிரேடர் வாரத்துக்கு இரண்டு நாள்தான் ரேம்புக்கு வருகிறது, மற்ற நாள் டம்ப் யார்டில் நிற்கிறது என்று தெரிந்தது.

நான் எழுதிக்கொடுத்தது இது: புது டம்பர் வேண்டாம். கிரேடரை ஒவ்வொரு ஷிஃப்டும் ரேம்புக்கும் ஷவல் தரைக்கும் அனுப்ப வேண்டும். சந்தியில் ஒரு ஆள், வண்டிகளைப் பூட்டி வைக்காமல். சாப்பாட்டு இடைவேளை வண்டிவாரியாக. அடுத்த வருடக் குழி ஆழத்தோடு டம்பர் மணிக் கணக்கைச் சேர்த்து மறுபடி பார்க்க வேண்டும். கூட்டத்தில் இரண்டு மணி நேரம் கேள்வி கேட்டார்கள். அந்த 13.4, 15.0, 16.4 வரிசையைப் பலகையில் எழுதியதும்தான் அமைதியானார்கள். ஒரு மாதத்துக்கு ஒப்புதல் கிடைத்திருக்கிறது.

ஷவல்நிழல்

ரொம்ப சந்தோஷம் தம்பி. ஷவல்ல ரெண்டு பக்கமும் வண்டி நிறுத்த இடம் இருக்கா பாருங்க. ஒரு பக்கம் நிரப்பும்போதே மறுபக்கம் அடுத்த வண்டி பின்னாடி வந்து நின்னுட்டா, ஒரு லோடுக்கு அரை நிமிஷம் கிடைக்கும். பெஞ்ச் அகலம் வேணும், அதைத் திட்டத்துலயே நீங்கதான் போடணும்.

டயர்ரூம்

முன் டயர் சூட்டை இந்த மாதம் முழுக்க எழுதி வையுங்கள், மறக்காமல்.

மண்பாதை

கிரேடர் ஓடத் தொடங்கிய நாளிலிருந்து ரேம்ப் வேகத்தை ஷிஃப்டுக்கு 5 வண்டியாவது அளந்துகொண்டே இருங்கள். தண்ணீர் லாரி அடிக்கும் அளவையும் பக்கத்தில் எழுதுங்கள். தண்ணீர் அதிகமானால் மேல்தளம் குழைந்து, கிரேடர் கொடுத்த பலனை அதுவே எடுத்துக்கொள்ளும். ரேம்பில் முழுதாக நனைக்காமல் விட்டு விட்டு அடிக்கச் சொல்லுங்கள், பிரேக் பிடிக்கும் வண்டிக்குக் காய்ந்த தரை நடுநடுவே கிடைக்கும்.

வரிசைக்கணக்கு

கிரஷர் நேரத்தைக் குறிக்கும்போது டம்பரின் தொட்டி இறங்கிய நேரத்தோடு நிறுத்திவிடாதீர்கள். வண்டி கொட்டுமிடத்தை விட்டு முழுதாக விலகி, அடுத்த வண்டி பின்னால் வரத் தொடங்கும் நேரம் வரை எடுங்கள். உங்கள் 1.5 அப்போது 2-ஐத் தாண்டும் என்று நினைக்கிறேன். அந்த எண் கிடைத்ததும் இங்கே போடுங்கள், ஷவல், கிரஷர் இரண்டையும் சேர்த்து மாதிரியை மறுபடி ஓட்டித் தருகிறேன்.

பெஞ்ச்12

நாளை இரவு ஷிஃப்டில் எடுக்கிறேன் சார்.